கட்டைவிரல் வீரர்களின் பொய் வெயில்

போர் விளையாட்டு மேசையில் நிற்கும் பொம்மைச் சிப்பாயின் வழக்கமான உயரம் இன்றைக்கு 28 மில்லிமீட்டர். அவனுக்கு ஒரு சிவப்பு மேலங்கி. புட்டியைத் திறந்து, நல்ல சிவப்பாக எடுத்து, பிசிறில்லாமல் பூசி, மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் தெரிவது ஒரு சிவப்புப் பொட்டு மட்டும். அங்கியின் மடிப்புகளைச் சிற்பி பொறுப்பாகத்தான் செதுக்கியிருக்கிறார். ஆனால் மடிப்பின் ஆழம் அரை மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். அறை விளக்கின் வெளிச்சம் எல்லா இடுக்கிலும் நுழைந்துவிடுகிறது. நிழல் தங்க இடமில்லை. ஆளைச் சிறிதாக்கலாம், வெயிலைச் சிறிதாக்க முடியாது.

அதனால் வண்ணம் தீட்டுபவர் வெயிலையும் நிழலையும் கையாலேயே போட்டுவிடுகிறார். மடிப்பின் குழியில் கறுப்புக்குப் பக்கத்தில் போகும் அரக்குச் சிவப்பு, நடுவில் அசல் சிவப்பு, மடிப்பின் முகட்டில் ஆரஞ்சுக் கீற்று. கையில் எடுத்துக் கண்ணருகே பார்த்தால் கொஞ்சம் கோரமாகக்கூட இருக்கும். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் புருவம் தெரியவேண்டும் என்று கூத்துக்காரர் பூசும் அரிதாரத்தின் நியாயம்தான் இதற்கும். ஐரோப்பாவின் பொம்மைப் படைகளில் இந்தப் பொய் வெயில் முன்பே அடித்து, இடையில் ஒரு நூற்றாண்டுக்குக் கிட்டத்தட்ட அணைந்து, பிறகு முன்னைவிடக் காட்டமாகத் திரும்பி வந்தது.

தொடங்கிய ஊர் ஜெர்மனியின் நியூரம்பர்க். கோபுர்க்கிலிருந்து வந்து சேர்ந்த யோஹான் காட்ஃப்ரீட் ஹில்பெர்ட் 1760இல் அங்கே வெள்ளீயப் பட்டறைக்காரராக மாஸ்டர் தகுதி பெற்றார். தட்டும் குவளையும் வார்க்கிற தொழில். அதே உலோகத்தில் சின்னச் சின்ன உருவங்களையும் அவர் வார்க்கத் தொடங்கினார். பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரீட்ரிக் ஏழாண்டுப் போரில் பெற்ற புகழ், சிப்பாய்ப் பொம்மைகளுக்கு நல்ல சந்தையை உண்டாக்கியிருந்தது. குதிரைமேல் அமர்ந்த அந்த மன்னரை ஹில்பெர்ட் 1777இல் வார்த்தார். சேகரிப்பாளர்கள் இன்றும் பேசும் உருவம் அது.

இவை தட்டை உருவங்கள். ஒரு நாணயத்தின் கனம்தான் இருக்கும். இரண்டு சிலேட்டுக் கற்களை ஒன்றோடொன்று இடைவெளியின்றிப் பொருந்தும்வரை தேய்த்து, ஒரு கல்லில் சிப்பாயின் முன்பக்கத்தையும் மறு கல்லில் பின்பக்கத்தையும் குழிவாக, இடவலம் மாற்றிச் செதுக்குவார்கள். மூக்கு மேடாக வரவேண்டிய இடத்தில் கல்லில் பள்ளம் தோண்டவேண்டும். கற்களைச் சேர்த்துப் பிடித்து உருகிய உலோகத்தை ஊற்றினால் சில நொடிகளில் ஒரு சிப்பாய். செதுக்குபவருக்கு வாரக்கணக்கில் வேலை, வார்ப்பவருக்கு நிமிடக் கணக்கு. வண்ணம் பூசும் வேலை வீடுகளுக்குப் போனது. பெண்களும் குழந்தைகளும் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் சட்டைக்கு நீலம், அடுத்தவர் காலுக்கு வெள்ளை என்று கைமாற்றிக் கைமாற்றிப் பூசினார்கள். கூலி சொற்பம். மெல்லிய மரச்சீவலில் செய்த பெட்டிகளில் அடைத்து, எண்ணிக்கைக்குப் பதில் எடை போட்டு விற்றார்கள்.

1839இல் அதே ஊரில் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக்சன் தொடங்கிய நிறுவனம் கிட்டத்தட்ட 30 மில்லிமீட்டர் உயரத்தைத் தன் அளவாக வைத்துக்கொண்டது. மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தார்கள். நியூரம்பர்க் அளவு என்றே பெயர் நிலைத்தது. ஒரு பட்டறையில் வாங்கிய குதிரைப்படையும் இன்னொரு பட்டறையில் வாங்கிய காலாட்படையும் ஒரே மேசையில் நிற்கலாம் என்று ஆனது இதனால்தான். இன்றைய 28 மில்லிமீட்டரும் அதிலிருந்து அதிகம் விலகிவிடவில்லை.

விளையாட்டுச் சாமானாகத் தொடங்கிய தட்டை உருவம் பெரியவர்களின் கைக்குப் போனபோதுதான் வண்ணத்தின் வேலை கூடியது. தட்டைக்குப் பருமன் கிடையாது. தோள் உருண்டு தெரியவேண்டும், குதிரையின் வயிறு திரண்டு தெரியவேண்டும் என்றால் எல்லாவற்றையும் தூரிகைதான் செய்தாகவேண்டும். எண்ணெய் வண்ணத்தில், முழு ஓவியம் தீட்டுகிற அக்கறையோடு, வெளிச்சம் மேலே ஒரு பக்கத்திலிருந்து வருவதாக வைத்துக்கொண்டு நிழல் போடும் மரபு வளர்ந்தது. நூறு பேர் கொண்ட அணியில் ஒருவனுக்கு இடப்பக்க வெயில், இன்னொருவனுக்கு வலப்பக்க வெயில் என்று வந்துவிட்டால் மொத்தக் காட்சியும் கெட்டுப்போகும். பவேரியாவின் குல்ம்பாக் நகரில், பிளாசன்பர்க் கோட்டைக்குள் இருக்கிற தகரப் பொம்மை அருங்காட்சியகத்தில் சுமார் 3 லட்சம் உருவங்கள் இருக்கின்றன. பலவும் போர்க்களக் காட்சிகளாக நிற்கின்றன. கண்ணாடிக்கு முன்னால் நேராக நிற்கும்வரை அவை தட்டை என்பது சட்டென்று உறைக்காது. பக்கவாட்டில் நகர்ந்தால் ஒரு படையே கோடாகிவிடும்.

ஆளுக்கு வண்ணம் கிடைத்துவிட்டது. அவன் காலடியில் இருக்கும் தரை?

தரையைப் பற்றி முதலில் கவலைப்பட்டவர்கள் பொம்மைக்காரர்கள் அல்லர், போரைப் படித்தவர்கள். போர்ப் பயிற்சிக்கென்று ஒரு விளையாட்டை உருவாக்கிய பிரஷ்ய அரசு அதிகாரி ஃபொன் ரைஸ்விட்ஸ் முதலில் ஈர மணலைக் குவித்து மேடு பள்ளம் அமைத்துத்தான் ஆடிக் காட்டினார். மூன்றாம் ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் மன்னர் தானும் பார்க்க விரும்பியபோது, மணலை எப்படி மன்னர் முன் கொட்டுவது என்று அவருக்குத் தயக்கம். 1812இல் அவர் கொண்டுபோய்க் கொடுத்தது இழுப்பறைகள் வைத்த ஒரு பெரிய மேசை. சாலை, ஆறு, கிராமம், காடு எல்லாம் சுண்ணச் சாந்தில் புடைப்பாக வார்த்து வண்ணம் பூசிய சதுரத் துண்டுகள். எப்படி வேண்டுமானாலும் மாற்றி அடுக்கலாம். படைகளுக்குப் பீங்கான் காய்கள். பாடத்துக்கு மணலே போதும். மன்னரின் கண் வந்து சேர்ந்ததால் களம் அலங்காரமானது. 1824இல் ரைஸ்விட்ஸின் மகன் விதிகளைத் திருத்தி வெளியிட்டபோது அலங்காரத்தையெல்லாம் கழற்றிவிட்டு, 1:8000 அளவு வரைபடத்தில் சிவப்பும் நீலமுமான சிறு கட்டைகளை நகர்த்தச் சொன்னார். உலகத்துப் படைகள் பின்பற்றியது மகனுடைய வழியை. பொழுதுபோக்காளர்கள், தெரிந்தோ தெரியாமலோ, அப்பாவின் பக்கம் போனார்கள்.

தரையைப் பற்றிக் கவலைப்பட்ட இன்னொருவர் பட்டாளத்துக்காரரான வில்லியம் சைபோர்ன். 1815இல் நடந்த வாட்டர்லூ போருக்கு மாதிரி ஒன்று செய்யும் வேலை 1830இல் இவரிடம் வந்தது. போர் நடந்த வயல்வெளியிலேயே, லா ஹே சாந்த் பண்ணையில் மாதக்கணக்கில் தங்கி நிலத்தை அளந்தார். போரில் நின்ற அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி, அந்த மாலை நேரத்தில் யார் எங்கே நின்றார்கள், வயலில் என்ன பயிர் இருந்தது என்பதுவரை விசாரித்தார். இடையில் அரசு பணம் தருவதை நிறுத்தியது. சைபோர்ன் கடனில் விழுந்தார். 1838இல் லண்டன் பிக்கடில்லியின் எகிப்தியன் ஹாலில் மாதிரி மக்கள் பார்வைக்கு வந்தபோது அதில் 70,000க்கும் மேற்பட்ட சிறு உருவங்கள் நின்றன. பிரஷ்யப் படைகளை எந்த நேரத்தில் எந்த இடத்தில் நிறுத்துவது என்பதில் தளபதி வெலிங்டன் தரப்போடு எழுந்த சச்சரவு தனிக்கதை. மாதிரி இன்றும் லண்டன் செல்சியில், தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்த மாதிரியில் ஒரு கணக்கு இடிக்கும். நிலத்தின் அளவு மைலுக்கு 9 அடி, அதாவது ஏறக்குறைய 1:587. அந்தக் கணக்குப்படி ஒரு சிப்பாய் 3 மில்லிமீட்டர்தான் இருக்கவேண்டும். சைபோர்னின் சிப்பாய்கள் 10 மில்லிமீட்டர். ஒவ்வொரு வேலியையும் அளந்து வைத்த மனிதர், ஆட்களை மட்டும் மூன்று மடங்குக்கு மேல் வளர்த்துவிட்டார். சரியாகச் செய்திருந்தால் பார்வையாளர்கள் ஒரு ஷில்லிங் கொடுத்து உள்ளே போய்ப் பச்சைத் துணியில் சிந்திய மிளகுத்தூளைத்தான் பார்த்திருப்பார்கள். பார்வைக்காக அளவைத் தியாகம் செய்வது கற்றுக்குட்டிகளின் குற்றம் என்று முகம் சுளிப்பவர்கள் இந்தத் துறையில் எப்போதும் உண்டு. அவர்களுக்கு சைபோர்னைக் காட்டலாம்.

பிறகு நிழல் போனது. 1893இல் லண்டனின் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளே பொள்ளலான சிப்பாய்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உருகிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, ஓரம் இறுகியவுடன் மீதியை வெளியே கவிழ்த்துவிடும் முறை. ஈயம் மிச்சம், எடை குறைவு, விலை குறைவு. அதுவரை ஆங்கிலேயக் கடைகளை நிறைத்திருந்த ஜெர்மன் சரக்கு பின்வாங்கியது. 54 மில்லிமீட்டர் உயரத்தில் முழு உருண்டையாக நின்ற இந்தச் சிப்பாய்க்குத் தூரிகையால் பருமன் கொடுக்கவேண்டிய தேவை இல்லை. பளபளக்கும் எனாமலில் சிவப்பு, கறுப்பு, நீலம். கன்னத்தில் ஒரு ரோஜா நிறப் பொட்டு. மீசை ஒரு இழுப்பு. காலடியில் பச்சை பூசிய தகட்டுத் துண்டு. அவ்வளவுதான். அழகாகத்தான் இருந்தன, சந்தேகமில்லை. ஆனால் அது கடை பொம்மையின் அழகு. காற்றும் வெயிலும் அண்டாத அணிவகுப்பு.

ஹெச். ஜி. வெல்ஸ் 1913இல் எழுதிய லிட்டில் வார்ஸ் என்ற விதிநூலுக்கு அடிப்படை இந்தச் சிப்பாய்களும், கட்டைக் குண்டு சுடும் பிரிட்டன் நிறுவனப் பீரங்கியும்தான். வெல்ஸின் போர்க்களம் தரையில் பரப்பிய பலகைகள், மரக்கட்டை வீடுகள், தோட்டத்துப் புதரிலிருந்து ஒடித்த குச்சிகளால் ஆன காடு. குண்டு பட்டுச் சிப்பாய் சாய்ந்தால் செத்தான். சாய்ப்பதற்கென்றே இருக்கும் பொம்மைக்கு யாரும் மடிப்பு மடிப்பாக நிழல் போடமாட்டார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னால் வந்த தலைமுறை பகடையை எடுத்துக்கொண்டு பீரங்கியைக் கீழே வைத்தது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஜாக் ஸ்க்ரூபி ரப்பர் அச்சில் சிப்பாய்களை வார்த்து மலிவாக விற்றார். 1957இல் வார் கேம் டைஜஸ்ட் என்ற இதழையும் தொடங்கினார். இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டனின் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன், தொழிலால் பிசியோதெரபிஸ்ட், 1962இல் வார் கேம்ஸ் என்ற நூலை எழுதினார். 1959இல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் தொடங்கிய பிளாஸ்டிக் சிப்பாய்ப் பெட்டிகள் பள்ளிப் பையன்களுக்கும் ஒரு படையைக் கொடுத்தன. ஒரே தொல்லை, அந்த மிருதுவான பாலித்தீனில் வண்ணம் ஒட்டாது. துப்பாக்கி முனையை லேசாக வளைத்தால் பூசியது செதில் செதிலாக உதிரும். சோப்பு நீரில் கழுவு, முதலில் பசையைப் பூசு, கடைசியில் வார்னிஷ் அடி என்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்.

இந்தக் காலத்தில் வண்ணத்தின் நோக்கம் அடையாளம். எந்த ரெஜிமெண்டுக்கு எந்தக் காலர், எந்தச் சுற்றுப்பட்டை, பொத்தான் வெள்ளியா பித்தளையா என்பதில் சண்டையே நடக்கும். பீடத்தின் நோக்கம் கணக்கு. 1969 முதல் வார்கேம்ஸ் ரிசர்ச் குரூப் வெளியிட்ட பண்டையகாலப் போர் விதிகளில் பீடத்தின் அகலம் மில்லிமீட்டரில் குறிக்கப்பட்டிருக்கும்: நெருக்கமாக நிற்கும் காலாட்கள் நான்கு பேருக்கு 60 மில்லிமீட்டர். எத்தனை பேர் சண்டையிட முடியும் என்பதை அந்த அட்டைத் துண்டு முடிவு செய்தது. அதன்மேல் பச்சை பூசி, மிஞ்சினால் சாயமேற்றிய மரத்தூளைத் தூவிவிட்டால் போதும்.

அட்டைத் துண்டை நிலமாகப் பார்த்தவர்களில் முக்கியமானவர் பீட்டர் கில்டர். யார்க்ஷயரின் ஹிஞ்ச்லிஃப் நிறுவனத்துக்குச் சிப்பாய்களைச் செதுக்கியவர். அவற்றுக்குத் தானே வண்ணம் தீட்டியவர். 1978இல் டைன் டீஸ் தொலைக்காட்சியில் நடிகர் எட்வர்ட் உட்வர்ட் வழங்கிய பேட்டில்கிரவுண்ட் தொடரில் அவருடைய படைகளும் நிலப்பரப்பும் வந்தன. பின்னர் ஸ்கார்பரோ அருகே அவர் நடத்திய விடுமுறை மையத்தில், ஊர் ஊராக வந்தவர்கள் அறையளவு மேசையில் நெப்போலியன் காலப் போர்களை ஆடினார்கள். படையும் தரையும் ஒரே கையால், ஒரே நிறக் குடும்பத்தில் செய்யப்பட்டால் என்ன ஆகும் என்று பலர் முதல்முறை பார்த்தது கில்டரிடம்தான். அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், ஷெப்பர்ட் பெயின் 1980இல் வெளியிட்ட டயோராமா கையேட்டில் காட்சியமைப்பையே பாடமாக்கினார். பெட்டிக்குள் காட்சியை அடைத்து, விளக்கை மறைத்துவைத்து, பார்ப்பவரின் கண் எங்கே முதலில் போகவேண்டும் என்பதை அவரே தீர்மானித்தார்.

உண்மையான திருப்பம் பூதங்களோடு வந்தது. 1974இல் வெளியான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சிப்பாய்ப் பொம்மை ஆட்டத்திலிருந்து பிறந்த விளையாட்டு. 1979இல் பிரையன் ஆன்செல், கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனத்தோடு சேர்ந்து நியூவார்க் நகரில் சிட்டடெல் மினியேச்சர்ஸைத் தொடங்கினார். 1983இல் வார்ஹாமர் என்ற கற்பனைப் போர் விளையாட்டு வந்தது. ஓர்க் என்ற பச்சைத்தோல் அரக்கனுக்கு ரெஜிமெண்ட் காலர் கிடையாது. தவறு என்று சொல்ல எந்த அருங்காட்சியகத்திலும் அவன் சட்டை இல்லை. சரியான நிறம் என்ற கட்டு அறுந்ததும் மீதியிருந்தது பார்வைக்கு எடுப்பாக இருக்கிறதா என்ற ஒரே கேள்வி.

அந்தக் கேள்விக்கு நீதிபதியாக கேமரா வந்து உட்கார்ந்தது. கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் ஒயிட் டுவார்ஃப் இதழில் வண்ணப் படங்கள் பெருகின. கட்டைவிரல் உயரச் சிப்பாய் பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு நின்றான். மூன்றடி தூரத்துக்கென்று போட்ட அரிதாரம் இப்போது மூன்று அங்குலத்திலும் தாங்கவேண்டும். கலை இயக்குநர் ஜான் பிளான்ச் பழுப்பும் துருச்சிவப்புமான அழுக்கு உலகத்தை விரும்பினார். ஈவி மெட்டல் என்று பெயர் கொண்ட நிறுவனத்து வண்ணக் குழுவோ காலப்போக்கில் கூர்மையான, துப்புரவான விளிம்பு ஒளிகளுக்குப் போனது. 1987இல் கோல்டன் டீமன் போட்டி தொடங்கியது. முதல் பரிசு ஒரு நிஜ வாள்.

எனாமலின் இடத்தில் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வந்தது வேகத்தைக் கூட்டியது. நிமிடங்களில் காயும், ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றலாம். கற்றுக்கொள்பவர் முதலில் பிடிப்பது ட்ரை பிரஷ். தூரிகையை வெளிர் வண்ணத்தில் தோய்த்து, காகிதத்தில் கிட்டத்தட்ட முழுவதையும் துடைத்துவிட்டு, சங்கிலிக் கவசத்தின்மேல் லேசாக முன்னும் பின்னும் தடவினால், மேட்டில் மட்டும் பொடிபோல ஒட்டும். குழி இருட்டாகவே நிற்கும். அதற்கு நேர் எதிரானது வாஷ். நீர்த்த கருஞ்சாயத்தை மேலே விட்டால் அது தானாக ஓடிக் குழியில் தேங்கும். இரண்டும் சேர்ந்தால் பத்து நிமிடத்தில் ஓர் அடிப்படை வெயில் கிடைத்துவிடும். முகத்துக்குப் பொறுமை வேண்டும்: கண்குழியில் முதலில் கரும்பழுப்பு, அதற்குள் வெண்மையற்ற வெள்ளையில் ஒரு கோடு, நடுவில் ஒரு கரும்புள்ளி, பிறகு தோல் நிறத்தைக் கொண்டு இமையை மறுபடி செதுக்குவது. புள்ளி கொஞ்சம் விலகினால் வீராதிவீரனும் மாறுகண்ணோடு மிரண்டு விழிப்பான்.

பீடத்துக்கும் அதே காலத்தில் புது வடிவம். சிப்பாயின் காலடித் தகட்டைச் செருகுவதற்கு நடுவில் பள்ளம் வைத்த சின்னக் கறுப்புப் பிளாஸ்டிக் பீடங்கள் 1980களின் நடுவில் வந்தன. 1990களில் அவை மொத்தமும் கோப்ளின் கிரீன் என்ற பளீர்ப் பச்சை. அந்தப் பச்சை எந்த நாட்டுப் புல்லிலும் கிடையாது. ஆனால் அதே பச்சைப் பாய் விரித்த மேசையில், எல்லாப் படைகளும் அதே பச்சையில் நின்றபோது, விளிம்பு கண்ணிலிருந்து மறைந்தது. பிறகு ரசனை மாறியது. பசை தடவி மணலில் தோய்த்து, கரும்பழுப்பு பூசி, வெளிர்பழுப்பில் ட்ரை பிரஷ் செய்து, ரயில் மாதிரிக்காரர்களிடமிருந்து கடன் வாங்கிய செயற்கைப் புல்லை அங்கங்கே நட்டு, விளிம்பைக் கறுப்பாக விடும் முறை பரவியது. மரப்பட்டைத் துண்டு பாறையாகிறது, பூனைக் கழிவுத் தட்டில் கொட்டும் களிமண் உருண்டை இடிபாடாகிறது. பனி வேண்டுமென்று சமையல் சோடாவைப் பசையில் குழைத்துப் பூசியவர்கள் சில வருடத்தில் பனி மஞ்சளாவதைப் பார்த்து நொந்துபோனார்கள். பீடத்தின் நிறமும் ஒரு தந்திரம்: நீல உடைப் படைக்குச் செம்மண் தரை போட்டால் படை முன்னே வரும், பச்சைத்தோல் கூட்டத்தைப் புல்வெளியில் விட்டால் பாதி கரைந்துவிடும்.

2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் இரண்டு பள்ளிகள் எதிரெதிராக நின்றன. நாட்டிங்ஹாமின் ஃபவுண்ட்ரி நிறுவனம் ஒவ்வொரு நிறத்தையும் இருள், நடு, வெளிர் என்று மூன்று புட்டிகளாக விற்றது. கெவின் டாலிமோர் அந்த முறைக்கு இலக்கணம் எழுதினார். கறுப்பு அடித்தளம், மூன்று பட்டை, கலப்பு மழுப்பல் எதுவும் கிடையாது. பிரான்சின் ரக்கம் நிறுவனமோ உலோக வண்ணத்தையே தொடாமல், சாம்பலும் வெள்ளையும் நீலமும் கொண்டு வாளின் பளபளப்பை ஓவியமாகத் தீட்டும் முறையை உச்சத்துக்குக் கொண்டுபோனது. புகைப்படத்தில் ரக்கம் மூச்சடைக்க வைக்கும். மேசையில், நாற்பது பேர் வரிசையாக நிற்கும்போது, ஜெயிப்பது டாலிமோரின் முரட்டுப் பட்டைகள்தான். ரக்கத்தின் மினுக்கத்தை ரசிக்க ஒவ்வொரு சிப்பாயையும் கையில் தூக்கவேண்டியிருக்கிறது. போட்டி மேடைகள் இதை ஒப்புக்கொள்வதில்லை. அங்கே இன்னும் நுண்கலப்புக்குத்தான் கைதட்டல்.

ஆனால் பெரும்பாலானவர்களின் கவலை வேறு: நூறு சிப்பாய், வாரத்தில் இரண்டு இரவு. 2009இல் சிட்டடெல் விற்ற டெவ்லன் மட் என்ற பழுப்பு வாஷைப் புட்டியில் அடைத்த திறமை என்று கேலியாகவும் நன்றியாகவும் அழைத்தார்கள். 2012இல் வண்ண வரிசையே மாற்றப்பட்டு அது நின்றபோது உண்மையாகவே துக்கம் கொண்டாடியவர்கள் உண்டு. 2019இல் வந்த கான்ட்ராஸ்ட் வண்ணம் இன்னொரு படி: வெளிர் அடித்தளத்தின்மேல் ஒரே பூச்சு, மேட்டில் மெலிந்து குழியில் தேங்கி, நிழலும் ஒளியும் தானே விழும். முதலில் கறுப்பு பூசி, அதன்மேல் தலைக்கு நேர் மேலிருந்து வெள்ளை ஸ்பிரே அடித்து, நடுப்பகல் வெயில் எங்கே விழுமோ அங்கே மட்டும் வெளுக்கவைக்கும் பழைய உத்தி இதோடு சேர்ந்துகொண்டது.

2020இல் வெளியான வார்ஹாமர் 40,000 ஒன்பதாம் பதிப்பு இதற்கெல்லாம் ஒரு விலையும் குறித்துவிட்டது. போட்டி ஆட்டத்தில் எடுக்கக்கூடிய 100 புள்ளிகளில் 10 புள்ளி, படை முழுவதும் வண்ணம் தீட்டியிருந்தால் பகடை உருள்வதற்கு முன்பே உறுதியானது. வெறும் பிளாஸ்டிக்கில் கொண்டுவந்தவர் பத்து புள்ளி பின்தங்கித்தான் தொடங்கினார். சிப்பாய்க்கு மட்டும் பூசிவிட்டு வந்தாலும் போதவில்லை. பீடத்திலும் மண்ணோ புல்லோ ஏதாவது இருந்தாகவேண்டியிருந்தது. கறுப்புப் பிளாஸ்டிக்கின்மேல் நின்றவன் கணக்கில் சேரவில்லை.